அத்தைக்கு இலை இல்லை

மாலை ஐந்து இருபதுக்குப் பள்ளிப் பேருந்து எங்கள் தெருமுனையில் வந்து நின்றது. மகள் இறங்கவில்லை. இன்று ஏறவே இல்லை என்றார் ஓட்டுநர். பதின்மூன்று வயதுப் பிள்ளை. மனைவிக்கு ஓசூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவாள். அவளுக்குச் சொல்லவும் பயமாக இருந்தது.

மகளின் தோழிக்குப் போன் செய்தேன். "அத்தை வூட்டுக்குப் போறேன்னு பாப்பாரப்பட்டி பஸ் ஏறுனா அங்கிள்" என்றாள்.

எனக்கு ஓர் அக்கா. வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்ட அன்றே அப்பா அவளைத் தலைமுழுகினார். பழைய போட்டோவில் என்னை இடுப்பில் வைத்திருப்பது யாரென்று மகள் கேட்டபோது, உன் அத்தை, காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று சொல்லிவைத்தேன். அப்பா போன பிறகும் அதை மாற்றவில்லை.

போன ஆடி அமாவாசைப் படையலில் மகள் ஒவ்வோர் இலையும் யாருக்கு என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"அத்தைக்கு இலை எங்கங்க, அப்பா?"

கல்யாணம் ஆகாமல் போனவர்களுக்கு வைப்பதில்லை என்றேன்.

"பொறந்த மாசமே செத்த சித்தப்பாவுக்கு வெச்சிருக்கீங்க. அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

மனைவி சிரித்துவிட்டாள். அதோடு மகள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. ஒரே வீட்டில் இருந்தும், சாப்பிட்டதும் தன் அறைக்குப் போய்விடுவாள். பிறகு சொந்தத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், அத்தை உயிரோடு இருக்கிறாரா என்று கேட்காமல், அத்தை இப்போது எந்த ஊர் என்று கேட்டிருக்கிறாள். பக்கத்து இலைக்காரர் யோசிக்காமல் சொல்லிவிட்டார். இதையும் தோழி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

வண்டியை எடுத்தேன். அக்கா வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாது. போன் நம்பரும் கிடையாது. மகள் அங்கே போய்ச் சேர்ந்தாளா என்பதே தெரியவில்லை. நான் போன நேரத்தில் திரும்பி வந்தால் பூட்டிய வீட்டைத்தானே பார்ப்பாள் என்று மறுபடி வண்டியை நிறுத்தினேன். எதிர்வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே போய்ச் சொல்ல வாய் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போலீசுக்குப் போகலாம் என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இருட்டியபின் ஓர் ஆட்டோ வந்தது. மகள் இறங்கினாள். அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் பின்னால் தலை நரைத்த ஒரு பெண் இறங்கி, கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். அக்கா.

உள்ளே வரச் சொன்னேன்.

"இன்னிக்கு வேணாம் தம்பி" என்றாள். "புள்ளய அடிச்சுப்புடாத. கேட்டதுக்கெல்லாம் நடந்தத நடந்தபடியே சொல்லிட்டேன். இனி நீ ஒண்ணும் ஒளிக்கத் தேவையில்ல."