மஞ்சள்கொத்து ரவிக்கை

அமெரிக்காவில் பிளசன்டனில் இருக்கும் வசந்தாமணிக்குச் சொந்த ஊர் ஈரோடு. பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, கொலு வைத்துப் பழக்கமே கிடையாது. அப்படிப்பட்டவள் இந்த வருஷம் ஏழு படி கட்டிக் கொலு வைத்தாள். மனைவிக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது என்று ஜெயபிரகாஷ் நினைத்துக்கொண்டான், பாவம்! வந்தது ஆத்திரம். அது அவனுக்கு எப்படித் தெரியும்?

எல்லாம் போன வருஷம் ஆரம்பித்தது. கராஜில் எம்ப்ராய்டரி மெஷின் வைத்து, தமிழ்ப் பள்ளி டீ-ஷர்ட்டுக்கெல்லாம் பேட்ச் அடித்துக் கொடுப்பவள் வசந்தாமணி. பக்கத்துத் தெரு நாகலக்ஷ்மியைச் சொந்த அக்காவாகவே நினைத்திருந்தாள். அவள் பிறந்தநாளுக்கென்று, மெஷினைத் தொடாமல் ஆரி ஊசி பிடித்து, கண் எரிய எரிய ஒரு மஞ்சள்கொத்து பேட்ச் போட்டாள். கிழங்கு சரிகையில், இலை பச்சைப் பட்டுநூலில். அதை நாகலக்ஷ்மியின் பட்டு ரவிக்கை முதுகில் வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

மகராசி அதைப் போட்டுக்கொண்டு தன் வீட்டுக் கொலுவில் நின்றாள். யார் பண்ணினது என்று எல்லாரும் கேட்டார்கள்.

"காஞ்சிபுரத்துல ஒரு டிசைனர். ஒரு டிசைனுக்கு ஒன் பீஸ்தான் பண்ணுவார்."

"நம்ம வசந்தாமணி பண்ணினதோன்னு நெனச்சேன்," என்றாள் கொலு பார்க்க வந்திருந்த மீனாக்ஷி.

"ஐயோ, அவ பசங்க ஜீன்ஸ் முட்டிக்கு ஒட்டுப் போடுவா. இதெல்லாம் அவளுக்கு வருமா?"

சுண்டல் கிண்ணத்தோடு பின்னாலேயே நின்றிருந்தாள் வசந்தாமணி. அங்கே சிரித்து மழுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதாள். "இருடி, இதே பொம்பளைங்க முன்னால உன் வாயாலயே உண்மையச் சொல்ல வெக்கறேன்," என்று கறுவிக்கொண்டாள். வருஷம் ஓடியும் அது ஆறவில்லை.

கொலுவுக்கு வருகிறவர்களுக்கு ரவிக்கைத் துணி கொடுத்தால், அது ஊரெல்லாம் சுற்றிக் கொடுத்தவளிடமே திரும்பி வரும். அதனால் வசந்தாமணி தன் கொலுவில், சமையலறையை விட்டு நகராத ஓவன் க்ளவ்ஸ் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் மெஷினில் அடித்த அதே மஞ்சள்கொத்து. நாகலக்ஷ்மிக்கு மட்டும் வெறும் ரவிக்கைத் துணி.

அந்த வெள்ளிக்கிழமை நாகலக்ஷ்மி வீட்டுக் கொலு. வசந்தாமணி எதிர்பார்த்த மாதிரியே அந்த ரவிக்கைதான். விளக்கேற்றக் குனிந்தவளின் முதுகைப் பார்த்து மீனாக்ஷி கத்தியேவிட்டாள்.

"அட, இது என் ஓவன் க்ளவ்ஸ்ல இருக்கிற பேட்ச் ஆச்சே!"

"என் வீட்லயும் இருக்கே! வசந்தாமணி குடுத்தாளே!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. நாகலக்ஷ்மி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அது... வசந்தாதான்... பண்ணிக் குடுத்தா."

"கேக்கலீங்க்கா. சத்தமாச் சொல்லுங்க."

"நீதான் பண்ணிக் குடுத்தே! போதுமா?"

நாகலக்ஷ்மியின் மகள் அஞ்சனா போனிலிருந்து நிமிர்ந்தாள். "பட் அம்மா, யூ செட் காஞ்சிபுரம்!"

நாகலக்ஷ்மியின் முகம் செத்துவிட்டது. வசந்தாமணிக்கு ஒரு துளி இரக்கம்கூட வரவில்லை. கைப்பையிலிருந்து ஒற்றை க்ளவ் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சேனுங்க்கா. ஒன் பீஸ்தான்."

பிறகு சாவகாசமாக உட்கார்ந்து, சுண்டலை ரெண்டாவது தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.