யாரோ ஏற்றிய லோடு

லோடு என்ற சொல்லைப் புழங்காதவர் எங்கள் பக்கம் இல்லை. லாரிக்காரருக்கு அது சரக்கு. வீடு கட்டுகிறவருக்கு மணல். என் மனைவிக்கு வாஷிங் மெஷினில் போடும் துணி. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு மட்டும் அது தலைவலி.

சாணார்பட்டிப் பக்கம் வேலை பார்த்தபோது, ஒரு கோடையில் அந்தோணியம்மாள் ஆபீசுக்கு வந்தார். தக்காளி நாற்று நட்டிருந்தார். கரண்ட் வந்ததுமே டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போய்விடுகிறது, தண்ணீர் பாய்ச்ச முடியவில்லை என்றார்.

"இன்னைக்கும் தண்ணி விடலைன்னா நாத்து அம்புட்டும் கருகிரும் சார். மத்தவுக எல்லாம் ஆட்டோ மாட்டி வச்சிருக்காக. லோடு எப்பிடித் தாங்கும்?"

ஆட்டோ என்பது மோட்டார் ஸ்டார்ட்டரில் மாட்டும் சின்னப் பெட்டி. கரண்ட் வந்தால் ஆள் இல்லாமலே மோட்டாரை ஓட்டிவிடும். எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பினால் ஃபியூஸ் நிற்காது. ஒவ்வொன்றாகப் போட்டால் நிற்கும்.

அந்த டிரான்ஸ்பார்மரில் மோட்டார் வைத்திருந்த எல்லோரையும் அதனடியில் கூட்டினேன்.

"நான் போன மாசமே கழட்டிட்டேன்" என்றார் பெருமாள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அந்தோணியம்மாள் மாதா மேல் சத்தியமே செய்தார்.

"ரொம்ப சந்தோசம். அப்ப யாரும் நகராதீங்க" என்று சொல்லி, ஃபியூஸ் கட்டி சுவிட்சைப் போட்டேன்.

சுற்றிலும் எல்லாக் கிணற்றிலும் மோட்டார் உறுமியது. ஆட்கள் அத்தனை பேரும் என் முன்னால்தான் நின்றார்கள். டப்பென்று ஃபியூஸ் போனது. பெருமாள் டிரான்ஸ்பார்மரை அண்ணாந்து பார்த்தார், தப்பு அதன் மேல் என்பதுபோல.

"ஏம்மா, நீங்களுமா?"

"எல்லாரும் வச்சிருக்கையில நான் மட்டும் கழட்டுனா எனக்குத் தண்ணி எங்கிட்டு வரும் சார்?"

எனக்குக் கோபம் வந்தது. "எல்லாரும் போய்ப் பெட்டியக் கழட்டிட்டு வாங்க" என்றேன்.

"எல்லாரும் கழட்டட்டும், நானும் கழட்டுறேன்" என்றார் பெருமாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் நகரவில்லை.

அந்தோணியம்மாள்தான் போனார். தன் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து கம்பத்தடியில் வைத்தார். "எப்பிடியும் சாகப்போற நாத்துதானே" என்றார்.

பெருமாள் கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியையே பார்த்தார். பிறகு தன் கிணற்றுக்கு நடந்தார். அவர் பின்னால் மற்றவர்களும் போனார்கள். எல்லாப் பெட்டியும் வந்த பிறகுதான் ஃபியூஸ் கட்டினேன்.

"அந்தோணியம்மா மொதல்ல போடட்டும்" என்றார் பெருமாள். அடுத்து ஒவ்வொருவராகப் போட்டார்கள். ஃபியூஸ் நின்றது. நாற்றும் பிழைத்தது.

அதன் பிறகும் லோடு தாங்கவில்லை என்று எத்தனையோ பேர் வந்தார்கள். அடுத்தவர் பெயரைச் சொல்ல விடமாட்டேன். ஒன்றுதான் கேட்பேன்: "உங்க பெட்டியக் கொண்டாந்தீங்களா?"