பகலில் எதற்கு விளக்கு?

போன சித்திரையில், மயிலம் பக்கத்து ஊர் ஒன்றில் ரவிக்கைகளைக் கொடுத்துவிட்டுத் திண்டிவனத்திலிருக்கும் என் தையல் கடைக்கு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தேன். உச்சி வெயில். வழியில் ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. உள்ளே நுழைந்ததுமே ஒரு வளைவு, அதனால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியாது. சுவருக்கு யாரும் வெள்ளைகூட அடித்திருக்கவில்லை.

நுழைந்தேன். ஒன்றுமே தெரியவில்லை. கண்ணைக் கட்டிவிட்டது போல் ஆகிவிட்டது. எங்கோ பாத்திரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. பதறிப்போய் பிரேக் பிடித்தேன். வண்டி இழுத்துக்கொண்டு போய் நின்றது. கண் தெளிந்தபோது முன் சக்கரம் ஒரு அம்மாவின் புடவையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். வயலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிவிட்டு வீடு திரும்புகிறவர்கள்.

பயத்தில் அவர்கள் மேலேயே எரிந்து விழுந்தேன். ஓரமாகப் போகக் கூடாதா என்று கத்தினேன். அந்த அம்மா கையிலிருந்த தூக்குவாளியைக் காட்டினார்.

"ஓரமாத்தாம்மா போறோம். வெயில்லேர்ந்து உள்ள வர்றவங்களுக்குக் கண்ணு தெரியாது. அதான் கரண்டியால தட்டிக்கினே போறோம்."

அண்ணாந்து பார்த்தால் வரிசையாக விளக்குகள், ஒன்றுகூட எரியவில்லை. பழுதாகியிருக்கும் என்று நினைத்து, அவற்றைப் பார்த்துக்கொள்கிற அலுவலகத்துக்கு மறுநாளே போனேன். எல்லாம் நன்றாக இருக்கிறதாம், சாயந்தரம் தானாக எரியுமாம்.

"பகல்ல எதுக்கும்மா லைட்டு? கரண்ட்டு தண்டம்" என்றார் அங்கிருந்தவர்.

எனக்கு வந்ததே கோபம்! ராத்திரியில் வெளியேயும் இருட்டு, உள்ளேயும் இருட்டு. கண் பழகியிருக்கும், வண்டி விளக்கு போதும். கண் குருடாவது மத்தியானத்தில்தானே ஐயா என்றேன். என் ஸ்கூட்டரில் ஏறுங்கள், இப்போதே காட்டுகிறேன் என்றும் கூப்பிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, இதுவரைக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்றார். ஏதாவது ஆனால்தான் விளக்கு போடுவார்களா?

எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். விளக்கு இன்னும் பகலில் எரியவில்லை. அன்று இன்னும் ஒரு முழம் தள்ளி வண்டி நின்றிருந்தால் நான் ஒரு உயிரைப் பறித்தவளாகியிருப்பேன். அப்போதும் அந்த அலுவலக நாற்காலியில் இருந்தவர் கண் தெரியாமல் ஓட்டினாள் என்று என்னைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்தால், இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.