பெரியவளின் கம்பளிக் கோட்டு

பெரியவள், சின்னவள் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்ட ஓரகத்திகள். ஒரே தையல்கடை, பக்கத்துப் பக்கத்து மிஷின். வேலையில் பெரியவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் வருகிறவர்கள் எல்லாம் சின்னவளைத்தான் தேடினார்கள். பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

சின்னவள் கையில் ஒன்றும் தங்காது. பொத்தான் அறுந்த சட்டையோடு யாராவது தெருவில் போனால், கூப்பிட்டு நிறுத்தித் தைத்து அனுப்புவாள். சாப்பாட்டை அடுத்தவரிடம் நீட்டிவிட்டுத் தண்ணீர் குடிப்பாள்.

"குடுத்துக் குடுத்தே ஆள் சேக்கிறா. எல்லாம் நடிப்பு!" என்று புருஷனிடம் பொருமினாள் பெரியவள்.

"நீயும் குடேன். யார் வேணாம்னா?"

கொடுக்கலாம்தான். எதை எடுத்தாலும் நாளைக்கு வேண்டியிருக்குமே என்று கை பின்வாங்கிவிடும். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவள் என்று தெருவே பேசியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பெற்ற மகளே, பள்ளிப்பை கிழிந்தால் தாயைத் தாண்டிக்கொண்டு சித்தியிடம் ஓடுகிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில், பல வருடமாகப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த கம்பளித் துணியை எடுத்துத் தனக்கென்று ஒரு கோட்டுத் தைத்தாள். இதைப் பார்த்தாவது மகள் வாயைப் பிளக்கட்டும் என்று எண்ணம். போட்டுக்கொண்டு கடைக்கு வந்தால், சின்னவள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோக்கக்கூட வரவில்லை.

"ஸ்வெட்டர் எங்கடி?"

"பஸ்ல ஒரு அம்மா பாவம், ரொம்ப நடுங்குனாங்கக்கா. கழட்டிக் குடுத்துட்டேன்."

"குடுப்பே, குடுப்பே! நீ காய்ச்சல்ல படுத்தா உன் வேலையும் என் தலையிலதான விழும்? இந்தா, உடம்பு சூடாகுற வரைக்கும் போட்டுக்கோ" என்று கோட்டைக் கழற்றி வீசினாள்.

சின்னவள் ஒல்லி. தோள் தொங்கியது, கை, விரலை மூடியது. தையல்காரியின் கண் பொறுக்குமா? "அசையாம நில்லு" என்று குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு சாக்பீஸால் கோடு போட்டாள். கழற்றி வாங்கித் தோளைப் பிரித்தாள், பக்கத்தை ஒட்ட வெட்டினாள், கையைக் குறைத்தாள். மிஷினை நிறுத்திய பிறகுதான் உறைத்தது. இனி அந்தக் கோட்டுக்குள் அவள் இந்த ஜென்மத்தில் நுழைய முடியாது.

"ஐயோ, உங்க புதுக் கோட்டாச்சே அக்கா!"

"இனிமே உன்னோடது" என்று வாய் அதுவாகவே சொல்லிவிட்டது.

சின்னவள் கோட்டைப் போட்டுக்கொண்டு பொத்தான் பொத்தானாகத் தடவிப் பார்த்தாள். பெரியவளுக்கு ஏனோ குளிரவில்லை. உள்ளே என்னவோ பொங்கிக்கொண்டு வந்தது. காரணமில்லாமல் சிரித்தாள்.

சாயங்காலம் மகள் வந்தாள். "சித்தி, கோட்டு உனக்கு எவ்வளவு அழகா இருக்கு!" என்று கட்டிக்கொண்டாள். அம்மா பக்கம் திரும்பவே இல்லை. பெரியவள் அதைக் கவனித்தால்தானே? அவள் சின்னவளையே முறைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமும், தினம் தினம், இவ்வளவு பெரிய சந்தோஷத்தை ஒருத்தியாகவே அனுபவித்திருக்கிறாளே, பாவி! ஒரு வார்த்தை சொன்னாளா?