யூசுப் மேஸ்திரியின் வலது கை

மதுரை தெற்குவாசலில் வண்டியை நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். திருமங்கலத்திலிருந்து வந்த பஸ் வேகம் குறைத்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடியே சொன்னார்: “அண்ணே, யூசுப் மேஸ்திரி காலைல மவுத்தாயிட்டாக. காய்ச்சல்தான். அசர் தொழுகைக்குள்ள எடுத்துருவாக.” பஸ் போய்விட்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். வண்டியில் முதலாளி காத்திருந்ததால் அடக்கத்துக்குக்கூட நான் போகவில்லை.

அடுத்த வாரம் எங்கள் ஷெட்டில் இரங்கல் கூட்டம் நடந்தது. இதைப் படிக்கும் டிரைவர்கள், ஷெட்காரர்கள் பலரும் வந்திருந்தீர்கள். முதலாளி பேசியதையும் கேட்டீர்கள். “நல்ல வேலைக்காரர். ஆனால் அவசரக்காரர். ஹாண்டிலைச் சரியாகப் பிடிக்காமல் கையைக் கெடுத்துக்கொண்டார், பாவம்” என்றார். மேஸ்திரியின் தம்பி தலையைக் குனிந்துகொண்டார். சிலர் ‘உச்’ கொட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தேன். அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். அதில் பாதி என் மேலேயே உள்ள கோபம்.

யூசுப் மேஸ்திரியா அவசரக்காரர்? முதலாளியின் கார் எஞ்சினை அவர் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துச் சேர்த்தபோது, ஒரு பேரிங்குக்கு மட்டும் நான்கு நாள் எடுத்துக்கொண்டார். நீலச் சாயம் தடவி மாட்டுவார், சுற்றிப் பார்ப்பார், கழற்றுவார், சாயம் அதிகம் ஒட்டிய இடத்தை மயிரிழை அளவுக்குச் சுரண்டுவார், மறுபடி மாட்டுவார். “போதும்ணே, கண்ணுக்கே தெரியலை” என்றேன் ஒருமுறை. “ஒனக்குத் தெரியலை மாப்ள. எஞ்சினுக்குத் தெரியும்” என்றார். வண்டிக்கு முன்னால் செருகி எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஹாண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும் என்று ஷெட்டில் ஒவ்வொருவருக்கும் கையைப் பிடித்துக் காட்டியவரும் அவர்தான். எஞ்சின் திருப்பி அடித்தால் விரலாவது தப்பும் என்பார்.

அன்று காலை எஞ்சின் வண்டியில் ஏறியிருந்தது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, ஹாண்டிலால் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார். புதிதாகச் சேர்த்த எஞ்சின் இறுக்கமாக இருக்கும். எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகும்வரை கையால்தான் சுற்ற வேண்டும். இன்னும் இரண்டு நாள் சுற்றிய பிறகே பெட்ரோல் காட்டுவேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அப்போது முதலாளி, மேலூருக்குப் போக வேண்டிய ஓர் அதிகாரியோடு வந்து நின்றார்.

“கார் எடு. தொரை கிளம்பணும்.”

“இன்னைக்கு ஆகாது முதலாளி. எண்ணெ இன்னும் எறங்கலை. ஓட்டுனா பேரிங் மெட்டல் உருகிரும்.”

“மேலூர்ல அம்புட்டுப் பேரையும் வரச் சொல்லிட்டேன். நீ சுத்தலைன்னா தள்ளி நில்லு. வேற ஆளை வச்சுச் சுத்திக்கிறேன்.”

மேஸ்திரி சுற்றிலும் பார்த்தார். அங்கே நின்றவர்களில் அத்தனை இறுக்கமான எஞ்சினைச் சுற்றிப் பழகியவர் யாரும் இல்லை. “வேற ஆளு சுத்துனா கைய ஒடிச்சுக்கிருவான். நானே சுத்துறேன்” என்றார். பிளக்குகளை மாட்டிவிட்டு என்னிடம் வந்தார். நான் டிரைவர் இருக்கையில் இருந்தேன். “மாப்ள, ஸ்பார்க் லீவர் மேலயே இருக்கட்டும். நான் சொல்றவரைக்கும் தொடக் கூடாது.” ஸ்டியரிங்கை ஒட்டியிருக்கும் அந்த லீவர் மேலே இருந்தால் பிளக்கில் நெருப்பு தாமதமாகப் பிடிக்கும். கீழே இறக்கினால் முந்திக்கொண்டு பிடித்து, ஹாண்டிலை எதிர்ப்பக்கம் வீசியடிக்கும். டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலாளிக்கும் தெரியும்.

இரண்டு முறை சுற்றினார். பிடிக்கவில்லை. மூன்றாவது முறை குனிந்தார். அதற்குள் வண்டியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி, “இப்பப் பிடிக்கும் பாரு” என்று கையை நீட்டி லீவரைக் கீழே இழுத்தார்.

நான் பார்த்தேன். “அண்ணே, நில்லுங்க” என்று கத்தியிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. முதலாளியின் கை என் மடிக்கு மேலே இருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. ஹாண்டில் திரும்பிச் சுழன்று மேஸ்திரியின் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் இருக்கையில் இருந்த எனக்கே கேட்டது.

அவரை ஜட்கா வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி முதலாளி என்னிடம் கேட்டார்: “நீதானே உள்ள இருந்த. லீவர் எங்க இருந்துச்சு?”

“மேலதான் இருந்துச்சு முதலாளி” என்றேன்.

மறுநாள் வேறொருவர் சுற்றி அந்தக் காரைக் கிளப்பினார். மேலூர் சாலையில் பாதி தூரம் போவதற்குள் எஞ்சின் இறுகி நின்றது. அந்தப் பழியும் மேஸ்திரி தலையில் விழுந்தது. மணிக்கட்டு கோணலாகக் கூடியது. சுரண்டியைப் பிடிக்க முடியாதவருக்கு ஷெட்டில் வேலை இல்லை என்றார்கள்.

பல வருஷம் கழித்து, திருமங்கலத்தில் ஒரு சிறிய பஸ் ஷெட்டில் அவரைப் பார்த்தேன். இடது கையால் பேரிங் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்தக் கையைப் பழக்க மூன்று வருஷம் ஆனதாம். உண்மையைச் சொல்லி அழுதேன். அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

“தெரியும். லீவர் மேல இருந்தா திருப்பி அடிக்குமா? நான் எத்தனை எஞ்சின் பாத்தவன்?”

“ஏண்ணே என்னை ஒரு வார்த்தை கேக்கலை?”

அப்போதுதான் நிமிர்ந்தார். அவர் கண்ணில் அவ்வளவு கோபத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. “எங்கிட்ட வந்து அழுதா ஆச்சா? பொய்ய அங்கதானே சொன்ன? அங்க போய்ச் சொல்லு. எனக்குப் பிடிக்கத் தெரியாதுன்னு இன்னைக்கும் பேசுறாங்ய மதுரைல. கை போனது போகட்டும். அந்தப் பேச்சத்தான்டா என்னால தாங்க முடியலை.”

“சொல்றேண்ணே” என்றேன். சொல்லவில்லை. அந்த முதலாளியின் காரைத்தான் இன்றுவரை ஓட்டுகிறேன்.

இப்போது சொல்கிறேன். லீவரை இழுத்தவர் முதலாளி. அதைப் பார்த்துவிட்டுப் பொய் சொன்னவன் நான். யூசுப் மேஸ்திரிக்கு ஹாண்டில் பிடிக்கத் தெரியும். நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். முதலாளி இதைப் படித்தால் என்னை வெளியே அனுப்புவார். அனுப்பட்டும். இதைச் சொல்ல மேஸ்திரி சாகும்வரை காத்திருந்த என்னை நீங்களும் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

மேஸ்திரியைப் பார்த்த அன்று, நான் புறப்படும் முன் திருமங்கலம் ஷெட்டில் ஒரு பஸ்ஸைக் கிளப்பினார்கள். மேஸ்திரி டிரைவர் இருக்கையில் இருந்தார். முன்னால் நின்றவர் குனிவதற்கு முன், மேஸ்திரி நல்ல கையையும் கோணல் கையையும் ஸ்டியரிங்குக்கு மேலே தூக்கிக் காட்டினார். “லீவர் மேல இருக்கு, என் கை இங்க இருக்கு. இப்பச் சுத்து” என்றார். அந்த ஷெட்டில் அது அவர் வைத்த சட்டம். கையைத் தூக்காத டிரைவருக்கு யாரும் ஹாண்டில் சுற்ற மாட்டார்கள். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். என் வண்டிக்கு முன்னால் யார் குனிந்தாலும் இரண்டு கையையும் தூக்கிவிடுகிறேன். பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவரையும் தூக்கச் சொல்கிறேன்.