சரக்கு வண்டி போய் முடியும்வரை

நாவலூரில் மகன் வாங்கியிருக்கும் ஃபிளாட்டில் போன மாதம் பத்து நாள் இருந்தேன். இந்த வயதில் தூக்கம் நாலரை மணிக்கே முடிந்துவிடுகிறது. கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்று லிஃப்டில் ஏறினால், உள்ளே ஒருவர் கையில் நாலைந்து பேப்பர்களோடு நின்றிருந்தார். அத்தனை மாடிக்கும் சேர்த்தே அவ்வளவுதானாம். ஆனால் கதவு மூடியதும் அந்தச் சின்னப் பெட்டி முழுக்க மை வாசனை. மண்ணெண்ணெயும் ஈரக் காகிதமும் கலந்த மாதிரி இருக்குமே, அந்த வாசனை. கீழே வந்து கதவு திறந்தும் நான் இறங்காமல் நின்றிருக்கிறேன். "கிரவுண்ட் ஃப்ளோர் வந்துடுச்சு சார்" என்று அவர் சொன்ன பிறகுதான் நகர்ந்தேன்.

நானும் பேப்பர் போட்டவன்தான். எண்பதுகளின் கடைசியில், மேற்குத் தாம்பரத்தில், இரண்டு வருஷத்துக்குச் சற்று அதிகமாக. அதற்கு முன்னால் லேத் ஆபரேட்டர். ஒரு நூல் பிசகாமல் கடைந்து கொடுப்பேன் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை உண்டு. ஒரு நாள் காலை வேலைக்குப் போனால் கம்பெனி வாசலில் பூட்டு தொங்கியது. லாக்அவுட். "ஒரு மாசத்துல திறந்துடுவாங்க" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டோம். திறக்கவே இல்லை.

என் மனைவி லலிதா சைதாப்பேட்டை பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸ். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. முந்தின நாள் சாயங்காலம் போனால் மறுநாள் எட்டு மணிக்குத்தான் திரும்புவாள். மகள் சுமதிக்கு அப்போது ஐந்து வயது, மகன் பாபுவுக்கு இரண்டரை. பகலில் வேலை தேடி அலைய வேண்டும், பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். எனக்கு ஒத்துவந்த ஒரே வேலை, அவர்கள் தூங்கும் நேரத்தில் செய்து முடித்துவிடும் வேலை. பேப்பர் லைன்.

ஏஜென்ட் முதல் நாளே சொல்லிவிட்டார். "நாலரைக்கு ஸ்டேஷன் வாசல்ல நிக்கணும். வூட்ல கொயந்த அழுதுச்சு, பால் காச்சினேன்னு கதை சொல்லிகினு வந்தா லைனு வேற ஆளுக்குப் போயிடும்."

ஸ்டேஷன் வாசல் விளக்கடியில் குந்திக்கொண்டு பேப்பர்களுக்குள் இணைப்பைச் செருகுவோம். விரலெல்லாம் கறுப்பாகிவிடும். பிறகு சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புவேன். ஒரு நூல் பிசகாதவன் என்று சொன்னேன் இல்லையா? மாடி வீட்டுக்கு நான் எறிந்த முதல் பேப்பர் சன்ஷேடில் விழுந்தது. இரண்டாவது பக்கத்து வீட்டுக் கிணற்றில். மூன்றாவதைப் படியேறிப் போய்க் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். சரியாக எறிவதற்கு ஒரு மாதம் ஆயிற்று.

பிள்ளைகளைத் தனியாக விட்டுவிட்டுப் போவதைப் பற்றி லலிதாவிடம் முழுசாகச் சொல்லவில்லை. "பக்கத்து வீட்டக்கா பாத்துக்கறாங்க" என்றேன். அந்த அக்கா எழுந்திருப்பதே ஆறரை மணிக்குத்தான். முதலில் வெளியே பூட்டிக்கொண்டு போனேன். ஒரு நாள் பேப்பர் போட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டில் இருக்கும் மண்ணெண்ணெய் ஸ்டவ் ஞாபகம் வந்தது. ஏதாவது ஆகிப் பிள்ளைகள் வெளியே வர முடியாமல் போனால்? மறுநாளிலிருந்து பூட்டாமல் கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போனேன். அது அதைவிட நல்லது என்று நினைத்தேன். இரண்டில் எது நல்லது என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

லைன் எங்கள் தெரு வழியாகவே போகும். ஐந்தேகால் சுமாருக்கு வீட்டைத் தாண்டும்போது உள்ளே எட்டிப் பார்ப்பேன். இரண்டும் ஒரே போர்வையை இழுத்துக்கொண்டு கிடக்கும். அதற்கப்புறம் மூன்று தெரு. கடைசியில் ரயில்வே கேட். கேட்டைத் தாண்டி இன்னும் பதினைந்து வீடு.

கேட்டுக்கு இந்தப் பக்கம் கடைசி வீடு எஸ்தர் டீச்சருடையது. ஹைஸ்கூலில் கணக்கு டீச்சர், நாற்பது வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அவருமாக இருந்தார்கள். லைனில் என்னைத் திட்டியவர் அவர் ஒருவர்தான். வாசலிலேயே நிற்பார்.

"அஞ்சரைக்கு வரணும்னு சொன்னேன். மணி இப்ப என்ன?"

"அஞ்சே முக்கால் டீச்சர்."

"தெரியுதுல்ல?"

அவ்வளவுதான். வாசல் கேட்டைச் சாத்திக்கொண்டு போய்விடுவார். கால் மணி நேரத்தில் உலகம் மாறிவிடுமா என்று முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளை மிதிப்பேன்.

அன்று மார்கழிப் பனி. ஐந்தேகாலுக்கு எட்டிப் பார்த்தபோது இருவரும் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். டீச்சர் வீட்டில் பேப்பரைப் போட்டேன். அதிசயமாக அவர் வாசலில் இல்லை. கேட்டைத் தாண்டி அந்தப் பக்கத்து வீடுகளையும் முடித்துவிட்டுத் திரும்பினால் கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி. நீளமான வண்டி, மெதுவாக ஊர்ந்தது. சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தபடி நின்றேன்.

இரண்டு வேகனுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில், எதிர்ப்பக்கம் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. வேகன் மறைத்தது. அடுத்த இடைவெளியில் மறுபடி மஞ்சள். ஒரு சின்னக் கவுன். சுமதிக்கும் அப்படி ஒன்று உண்டு, முந்தின நாள் அதைப் போட்டுக்கொண்டேதான் தூங்கினாள் என்பது மூன்றாவது இடைவெளியில் உறைத்தது. நான் ஏதோ கத்தியிருக்கிறேன். வண்டிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அதற்கப்புறம் எத்தனை வேகன் போனது என்று தெரியாது. ஒவ்வொன்றும் மறைக்கும், காட்டும். மறைக்கும் ஒவ்வொரு முறையும், அடுத்த தடவை அவள் அங்கே இருக்க மாட்டாள் என்று தோன்றியது.

கடைசி வேகன் போனது. கேட் கம்பிக்கு வெளியே எஸ்தர் டீச்சர் நின்றிருந்தார். ஒரு கையில் சுமதியைப் பிடித்திருந்தார், இடுப்பில் பாபு. அவருடைய ஸ்வெட்டர் அவன் மேல் இருந்தது.

கேட் ஏறும்வரைகூடப் பொறுக்காமல் குனிந்து நுழைந்து ஓடினேன்.

"அப்பா, பாபு எழுந்துட்டான். அதான் கூட்டிட்டு வந்தேன்" என்றாள் சுமதி. அழவில்லை.

"வழி எப்படிம்மா தெரிஞ்சுது?"

"வாசல்ல பேப்பர் கிடந்தா நீ போயிட்டேன்னு அர்த்தம். பாத்துப் பாத்து வந்தோம்."

பிறகு டீச்சர் சொல்லித்தான் மீதி தெரிந்தது. அவருடைய அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தவர். அன்று அவருக்குத் துணி மாற்றிவிட்டு டீச்சர் பேப்பர் எடுக்க வெளியே வர நேரமாகிவிட்டது. வந்தால் பனியில் இரண்டு பிள்ளைகள் வெறுங்காலோடு நின்று, வாசல் கேட்டின் இடுக்கு வழியாகப் பேப்பர் கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. பெரியது கேட்டதாம்: "ஆன்ட்டி, ரயிலுக்கு அந்தப் பக்கமும் எங்கப்பா பேப்பர் போடுவாரா?"

டீச்சர் என்னைத் திட்டவில்லை. "முதல்ல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. சின்னவனுக்குக் கால் சில்லுன்னு இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

லலிதாவிடம் சொல்லக்கூடாது என்று வழியெல்லாம் தீர்மானம் செய்துகொண்டு வந்தேன். எட்டு மணிக்கு அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் சுமதி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். லலிதா வெந்நீர் வைத்தாள். இரண்டு பேரின் பாதங்களையும் கழுவி, பாபுவின் குதிகாலில் இருந்த முள்ளை ஊசியால் எடுத்தாள். அவர்கள் விளையாடப் போன பிறகு கேட்டாள்.

"ரயில்வே கேட் மூடியிருந்துதா?"

"மூடித்தான் இருந்துது."

"திறந்திருந்தா?"

நான் வெந்நீர்ப் பாத்திரத்தை எடுத்துப் போய்க் கொட்டிவிட்டு வந்தேன்.

"பக்கத்து வீட்டக்கா பாத்துக்கறாங்கன்னு சொன்னீங்க" என்றாள்.

அன்று பகல் முழுக்க அவள் தூங்கவில்லை. சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனாள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. "நான் நைட் டியூட்டி போற நாள்லாம் நாலு மணிக்கு அங்க கொண்டு போய் விட்டுடுங்க. டீச்சர் அப்பாவுக்காக எப்படியும் எழுந்துதான் இருப்பாங்களாம்" என்றாள்.

அன்றைக்கு அப்புறம் இரண்டு வருஷம் அப்படித்தான் நடந்தது. பாபுவைத் துண்டில் சுற்றி சைக்கிளின் முன்னால் மாட்டிய சின்ன சீட்டில் வைத்துக்கொள்வேன். சுமதி பின்னால் கேரியரில் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்தபடியே தூங்குவாள். டீச்சர் வாசல் விளக்கைப் போட்டுக் கேட்டைத் திறந்து வைத்திருப்பார். ஹாலில் பெரியவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்திருக்கும். ஒரு பிள்ளையை நான் கிடத்துவேன், இன்னொன்றை அவர் வாங்கிக்கொள்வார். தூக்கம் கலைந்துவிடும் என்று பேசிக்கொள்ள மாட்டோம்.

பேப்பர் அவருக்கு ஏன் அஞ்சரைக்கு வேண்டும் என்பதையும் சுமதி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பேச்சு நின்றுபோன அப்பாவுக்கு டீச்சர் முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படிப்பாராம். முழுசாகப் படித்து முடித்துவிட்டுத்தான் சமையல், குளியல், பள்ளிக்கூடத்துக்கு ஏழு மணி ரயில். நான் தாமதம் செய்த ஒவ்வொரு நாளும் அந்தப் பெரியவருக்குக் கடைசிப் பக்கங்கள் கிடைக்காமல் போயிருக்கின்றன. அதற்குப் பிறகு நான் தாமதமாகப் போனாலும் டீச்சர் ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. லைனையே மாற்றிப் போட்டு, ஸ்டேஷனிலிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போய்விட்டுப் பிறகு மற்ற வீடுகளுக்குப் போக ஆரம்பித்தேன். மற்ற வீடுகளில் திட்டு கூடியது. பரவாயில்லை.

அப்புறம் எனக்குத் திருமுடிவாக்கம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் லேத் வேலை கிடைத்தது. அதே வருஷம் பெரியவர் காலமானார். தொண்ணூறுகளின் நடுவில் டீச்சர் மாற்றல் வாங்கிக்கொண்டு தங்கை ஊரான நாசரேத் பக்கம் போய்விட்டார். கொஞ்ச வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கார்டு வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது. லலிதா எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

நாவலூரிலிருந்து என்னைத் தாம்பரத்தில் விட வந்த பாபுவை, அந்த வழியாகக் காரை ஓட்டச் சொன்னேன். ரயில்வே கேட் போய்ச் சுரங்கப்பாதை வந்துவிட்டது. டீச்சர் வீடு இருந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம், கீழ்த்தளம் முழுக்க கார் நிறுத்துமிடம். வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

"எந்த ஃபிளாட் சார்?"

"எந்த ஃபிளாட்டும் இல்லப்பா. சும்மா பாத்துட்டுப் போறோம்."

பாபு என்னைப் பார்த்தான். அவனுக்கு அந்த வீடு துளிகூட ஞாபகம் இல்லை. டீச்சரின் முகமும் ஞாபகம் இல்லை.

"இங்கயாப்பா நான் தூங்குனேன்?" என்றான்.

ஹால் எங்கே இருந்திருக்கும் என்று மனதுக்குள் அளந்து பார்த்தேன். இரண்டு தூண்களுக்கு நடுவே, ஏழு என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்த இடத்தைக் காட்டினேன். அங்கே ஒரு கார் நின்றிருந்தது. அதற்கு அடியில் எண்ணெய் சொட்டியிருந்தது. அவன் குனிந்து கொஞ்ச நேரம் அந்தத் தரையைப் பார்த்தான்.