நாலு தகப்பன் வண்டி

முப்பதாவது உதையில் கால் வழுக்கி மோட்டார் சைக்கிளின் கிக்கர் திருப்பி அடித்தது. முழங்காலுக்குக் கீழே தோல் பிய்ந்து ரத்தம் வந்தது. கிருஷ்ணமணி குனிந்து பார்க்கவில்லை. மறுபடி உதைத்தான். இஞ்சின் ஒரு தடவை இருமியது. அதோடு சரி.

"தள்ளட்டா?" என்றாள் அவன் மனைவி அன்னக்கிளி, வாசற்படியில் இருந்தபடி.

"ஒனக்க காலை வச்சுக்கிட்டா? பேசாம இரி."

"நான் தள்ளலேன்னா பின்ன யாரு தள்ளுவா? வண்டிக்கு நாலு தகப்பன் உண்டுன்னு ஊரே சொல்லுகு. அதுல ஒருத்தனைக் கூப்பிடுங்க."

வேறு நாளாக இருந்தால் கிருஷ்ணமணி சிரித்திருப்பான். விளக்கின் சுவிட்சைப் போட்டான். கண்ணாடிக்குள் கம்பி மட்டும் சிவப்பாக, அணையப்போகும் பீடி மாதிரித் தெரிந்தது. நேற்று சாயங்காலம் இதே விளக்கு எதிர்ப் பனையின் மட்டைகளை எண்ணும்படி எரிந்தது. ஒரு ராத்திரியில் அவ்வளவும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பத்து நாளாகவே தெரியவில்லை.

அன்று புதன். வெள்ளிக்கிழமை விடியற்காலம் நாலரை மணிக்கு அந்த வண்டி நாகர்கோவிலில் பத்திரிகை ஏஜெண்டு குமாரதாஸின் கடை முன்னால் நிற்க வேண்டும். மதுரை பஸ்ஸில் வரும் கட்டுகளை ஏற்றிக்கொண்டு இராஜாக்கமங்கலம், மணவாளக்குறிச்சி, குளச்சல் வழியாக ஏழு மணிக்குள் கருங்கல் போய்ச் சேர வேண்டும். மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும் அப்படி. தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்ற பேச்சு சூடு பிடித்த பிறகு மேற்கே எல்லோரும் பத்திரிகைக்குக் காத்துக் கிடந்தார்கள். பஸ் கொண்டு சேர்க்கும்போது பத்து மணி ஆகிவிடும். மூன்று நாள் தவறாமல் ஓட்டிக் காட்டினால் அந்த லைன் அவனுக்கு என்று குமாரதாஸ் சொல்லியிருந்தார்.

லைன் கிடைத்தால் அன்னக்கிளி உப்பளத்தில் இறங்க வேண்டாம். அவன் கேட்டது அவ்வளவுதான்.

இராஜாக்கமங்கலத்துக்குக் கிழக்கே, காயலை ஒட்டிய உப்பளத்தில் அவனுக்குக் காவல் வேலை. அவளுக்குப் பாத்தியில் வேலை. பதினாலு வருஷம் உப்புத் தண்ணீரில் நின்ற கால். உள்ளங்காலிலும் விரலிடுக்கிலும் குழி குழியாகப் புண். மழைக்காலத்தில் ஆறுவது போல மூடும், வேலை தொடங்கியதும் திறந்துகொள்ளும். இந்த மழைக்கு மூடவில்லை. கார்த்திகையில் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தார். அவள் கத்துவாள் என்று அவன் நினைத்தான். அவளுக்கு அழுத்தியதே தெரியவில்லை. இன்னொரு வருஷம் உப்பில் இறங்கினால் வலது கால் தங்காது என்றார் டாக்டர். இப்போது தை. இன்னும் பத்து நாளில் பாத்திகளில் தண்ணீர் ஏற்றுவார்கள். காவல்காரன் கூலியை மட்டும் நம்பி அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

அவன் மெக்கானிக் அல்ல. யுத்தத்தில் நாலு வருஷம், அஸ்ஸாம் பக்கம் ஒரு பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில், மற்றவர்கள் கழற்றிப் போட்டதை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தவன். கழுவிக் கழுவி ஒவ்வொரு சாமானும் எதன் பக்கத்தில் இருக்கும், எதை உரசித் தேயும் என்று அவன் கைக்குத் தெரிந்துவிட்டது. ஊருக்குத் திரும்பி, அளத்துக் காவலுக்கு நின்றுகொண்டே, மூன்று வருஷத்தில் அந்த வண்டியைச் சேர்த்தான். வண்டியின் இரும்புச் சட்டம் திருவனந்தபுரத்துப் பட்டாள ஏலத்தில் வந்தது. இஞ்சின் ஒரு எஸ்டேட் துரை மலைச் சரிவில் உருட்டிவிட்ட வண்டியுடையது. டைனமோ மதுரைப் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. முன் சக்கரம் யாருடையது என்று விற்றவனுக்கே தெரியாது. பெட்ரோல் டேங்கைக் கோட்டாறில் ஒரு தகரக்காரன் தட்டிக் கொடுத்தான். கடைசியாக, தை பிறந்த பிறகு, ஸீட்டுக்குக் கீழே பேட்டரிக்கு மாம்பலகையில் பெட்டி செய்தான். மேட்டிலும் பள்ளத்திலும் குலுங்காமல் இருக்கச் சுற்றிலும் மேலேயும் பழைய சாக்கை மடித்துத் திணித்து மூடிபோட்டிருந்தான். வண்டி ஓடியது. நன்றாகவே ஓடியது. ஆனால் கரண்ட்டை யாரும் அவனிடம் கழுவக் கொடுத்ததில்லை. அது மட்டும் அவன் கைக்குப் பிடிபடவில்லை.

தெரிந்தவரை அவனுக்குத் தெரியும். இஞ்சின் ஓடினால் டைனமோ சுற்றும். டைனமோ பேட்டரியை நிரப்பும். பேட்டரியிலிருந்துதான் பிளக்குக்குப் பொறி, விளக்குக்கு வெளிச்சம். நடுவில் கட்-அவுட் என்று ஒரு சின்ன டப்பா, மடைப்பலகை மாதிரி. இஞ்சின் நின்றதும் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் பேட்டரியில் இருப்பது டைனமோவுக்கே திரும்ப ஓடிவிடும். அது மூடவில்லை என்றுதான் முதலில் நினைத்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். பிறகு அதையும் நம்பாமல் மூன்று ராத்திரி பேட்டரி வயர் இரண்டையும் கழற்றியே வைத்தான். மூன்று நாளும் விடிந்து பார்த்தால் பேட்டரி செத்துக் கிடந்தது.

பேட்டரியைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

கோட்டாறில் கைலாசநாதன் ரேடியோ பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் கடை வைத்திருந்தார். பெஞ்சில் வரிசையாக ஊர்ப் பெரியவர்களின் பேட்டரிகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. அவர் கிருஷ்ணமணியின் பேட்டரிக்குள் கண்ணாடிக் குழாயை விட்டுத் திராவகத்தை உறிஞ்சிப் பார்த்தார்.

"வேய் கிருஷ்ணமணி, இதுக்கு ஒரு சீக்கும் இல்ல கேட்டீரா. போன வாரம் இஞ்ச ரெண்டு நாளு சும்மா இருந்துதுல்லா, ஒரு பொட்டு எறங்கல்ல. ஒம்ம வீட்டுக்கு வந்தா மட்டும் சாவுகு. அப்போ யாரு கொல்லுகா?"

"ராத்திரி வயரைக் கழத்திப் போட்டிருக்கேன் அண்ணாச்சி. அது பாட்டுக்குத் தனியாத்தான் இருக்கு."

"இஞ்ச இருந்து கொண்டு போனா, ஓட்டிப் பாக்காம இருப்பீரா?"

"ஓட்டிப் பாத்தேன்."

"லைட்டைப் போட்டு?"

"போட்டுத்தான்."

"அப்போ இருந்ததை நீரே குடிச்சாச்சு. டைனமோ திருப்பிக் குடுக்கல்ல. அவ்வளவுதான் காரியம்."

"வண்டியை நிறுத்தும்போ லைட்டு பளிச்சுன்னு எரியுகே அண்ணாச்சி."

"அது நொரை. பதனீரு காச்சும்போ கூப்பனி பொங்கி வந்தா பானை நெறஞ்சாப்புலதான் இருக்கும். அடங்கினாத்தானே தெரியும் எம்புட்டுன்னு. டைனமோவைக் கழத்தும். செம்புத் தகடு வளையமா இருக்குல்லா, அதுகளுக்கு எடையில ஒரு வெள்ளைத் தகடு உண்டு. அது எழும்பி நின்னா கரிக்கட்டை செம்பைத் தொடாது. அதைச் சொரண்டி எடுத்தா எல்லாம் சரியாயிரும்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இருப்பதாகக் கிருஷ்ணமணிக்குத் தோன்றவில்லை. வயர் இல்லாத பேட்டரி எப்படிக் குறையும்? குறையாது என்றால் அது நிரம்பியதே இல்லை. பேட்டரியைச் சார்ஜுக்கு விட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசு லேசாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் பழைய பத்திரிகையை விரித்து டைனமோவைக் கழற்றினான். செம்புத் தகடுகள் நல்ல பளபளப்பாக இருந்தன. கரி இரண்டும் பாதிகூடத் தேயவில்லை. வெள்ளைத் தகடு எழும்பி நிற்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தான். எழும்பியிருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. நாளைக்கு இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும் என்ற நினைப்பு வந்ததும், எழும்பித்தான் இருக்கிறது என்று முடிவு செய்தான்.

ஒடிந்த ஆக்ஸா பிளேடால் சுரண்டத் தொடங்கினான். எட்டு இடுக்கு சரியாக வந்தது. ஒன்பதாவதில் பிளேடு துள்ளியது. தகட்டின் வாலில் பற்றவைத்திருந்த முடி போன்ற கம்பி அறுந்தது.

பிறகு சிரட்டைக்கரியைப் பற்றவைத்து, ஈயப் பற்றுக்கோலைச் சுடவைத்து, அந்தக் கம்பியை ஒட்டப் பார்த்தான். ஈயம் உருகி ஓடி மூன்று தகடுகளைச் சேர்த்துப் பிடித்தது. அதை எடுக்க இன்னும் சூடு காட்டினான். உள்ளே சுற்றியிருந்த கம்பியிலிருந்து அரக்கு மணத்தோடு புகை வந்தது. புகை நின்றபோது இன்னும் இரண்டு கம்பிகள் விட்டுப்போயிருந்தன.

"என்னமோ கருகுகே," என்றாள் அன்னக்கிளி உள்ளேயிருந்து.

"ஒண்ணுமில்ல."

மத்தியானம் நாகர்கோவிலுக்குப் போனான். வடசேரியிலிருந்து கோட்டாறு வரை பழைய இரும்புக்கடை ஒன்று பாக்கியில்லாமல் ஏறி இறங்கினான். லாரி டைனமோ இருந்தது, கார் டைனமோ இருந்தது. அவனுடைய வண்டிக்குப் பொருந்துவதாக ஒன்றும் இல்லை. மதுரைக்கு எழுதினால் ஒரு மாசத்தில் வரலாம் என்றான் ஒருவன். கைலாசநாதன் பேட்டரியைத் துடைத்துக் கொடுத்தார். டைனமோ விஷயத்தைக் கேட்டதும் உச்சுக் கொட்டினார்.

"இந்தப் பேட்டரியை மட்டும் வச்சு ஓட்டினா எம்புட்டுத் தூரம் அண்ணாச்சி?"

"லைட்டும் போட்டா ரெண்டு மணிக்கூறு. கூடிப்போனா ரெண்டரை."

"இன்னொரு பேட்டரி…"

"எல்லாம் ஊரானுக்க சாதனம்லா வேய். நான் என்ன செய்ய?"

பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்து பேட்டரியைப் பெட்டியில் இறக்கினான். வயரை மாட்டவில்லை. சாக்கைப் பழையபடி சுற்றித் திணித்து மூடியைப் போட்டான். இன்றைக்கு ஓட்டிப் பார்க்கக் கூடாது, விளக்கைப் போட்டுப் பார்க்கக்கூடக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கிணற்றடிக்குப் போய்க் குளித்து, நெற்றியில் நாமம் இட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தான் கும்பிடும் தெய்வமான அய்யாவை நினைத்தான். நினைக்க முடியவில்லை. அறுந்த கம்பிதான் கண்ணுக்குள் நின்றது.

அதற்குள் இருட்டிவிட்டது. விடிகாலையில் வயர் மாட்டும் இடுக்கிக் குறட்டை மறந்துவிடாதபடி பெட்டிக்குள்ளே போட்டுவைக்கச் சொன்னான். அன்னக்கிளி நொண்டிக்கொண்டு போய் மூடியைத் திறந்தாள்.

"இஞ்சப் பாருங்க. சாக்கு சுடுகு."

"வெயிலு பட்டிருக்கும்."

"வெயிலு போயி எவ்வளவு நேரமாச்சு. இது உள்ள இருந்துல்லா சுடுகு. தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தான். வாடைக்காற்றில் வண்டியின் இரும்பெல்லாம் சில்லென்று இருந்தது. சாக்கு மட்டும் இளஞ்சூடாக, ஈரமாக இருந்தது. காதை வைத்தான். பச்சை விறகு அடுப்பில் மூச்சுவிடுவதுபோல ஒரு சத்தம். சாக்கை விலக்கினான். பேட்டரியின் இரண்டு ஈயக் குமிழையும் சுற்றி வெள்ளையாக நுரைத்திருந்தது. ஒரு குமிழிலிருந்து மறு குமிழ்வரை சாக்கில் ஈரம் ஒரே பட்டையாகப் படிந்திருந்தது.

"இது எந்தச் சாக்கு?"

"அளத்துக் கிட்டங்கிச் சாக்குதான். உப்பு கெட்டிக் கெட்டிக் கழிச்சுப் போட்டது. நம்ம வீட்டுல வேற சாக்கு ஏது?"

உப்புச் சாக்கு பகலில் காய்ந்து மொடமொடவென்று இருக்கும். அந்தி சாய்ந்தால் காற்றிலிருந்து தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிடும். விடியும்போது பிழியலாம். அளத்தில் யாரும் அதன்மேல் பிள்ளையைக் கிடத்த மாட்டார்கள், அரிசிப் பானைக்கு அடியில் போட மாட்டார்கள். அவனுக்கும் தெரியும், பிறந்ததிலிருந்து தெரியும். சாக்கை அவன் பேட்டரியோடு சேர்த்து நினைத்ததில்லை. குலுங்காமல் இருக்க என்று வைத்த சாமான், அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? வயரைக் கழற்றிய ராத்திரிகளிலும் அது அங்கேயேதான் இருந்தது. கைலாசநாதனிடம் பேட்டரி மட்டும்தான் போயிற்று. சாக்கு போகவில்லை.

"இதுதான் குடிச்சிருக்கு," என்றான். "உப்பு ஈரம் வழியாக் கரண்டு ஓடிப் போயிருக்கு. பத்து நாளும் இதுதான்."

"அப்போ டைனமோ?"

அவள் பத்திரிகைத் தாளில் கிடந்த செம்பையும் கருகிய கம்பியையும் பார்த்தாள்.

"டைனமோ நல்லதா இருந்துதா?"

"இன்னைக்குக் காலம்பற வரைக்கும் நல்லதா இருந்துது."

அன்னக்கிளி சாக்கை இரண்டு விரலால் தூக்கி முற்றத்துக்கு அப்பால் எறிந்தாள். பிறகு உள்ளே போய்த் தன் பழைய சேலையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு வந்து கொடுத்தாள். அவன் அதை வாங்கிப் பேட்டரியைத் துடைத்தான். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"போதும்," என்றாள் அவள். "அது தேஞ்சிரும்."

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. நிலா இருந்ததால் நாகர்கோவில்வரை விளக்குப் போடாமல் போனான். குமாரதாஸ் பார்க்கக் கடைக்கு முன்னால் விளக்கைப் போட்டான். நாலு கட்டு ஏற்றினார்கள். மணவாளக்குறிச்சியில் கீழ்வானம் வெளுத்தது, விளக்கை அணைத்தான். குளச்சலில் இரண்டு கட்டு இறக்கினான். ஆறு ஐம்பதுக்குக் கருங்கல் சந்தையில், பத்திரிகையும் விற்கும் ஞானத்தின் டீக்கடை முன்னால் நிறுத்தினான். இஞ்சின் நின்றது. ஞானம் மணியைப் பார்த்துவிட்டு டீ கொடுத்தார். ஏழரை மணிக்குள் பத்திரிகை எல்லாம் விற்றுவிட்டது. வண்டி மறுபடி கிளம்பவில்லை, பேட்டரி தீர்ந்திருந்தது.

பத்து மணி பஸ்ஸில் குமாரதாஸ் வந்தார். கொள்ளாம், நல்ல காரியம் என்றார். நாளைக்கும் இதே நேரம் என்றார். டைனமோ போய்விட்டது, பேட்டரி ஏற்ற ஒரு ராத்திரியும் ஒரு பகலும் வேண்டும், மதுரையிலிருந்து சாமான் வரும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறேன் என்று கிருஷ்ணமணி சொன்னான்.

"பேப்பரை ஒருநாள் விட்டு ஒருநாள் அச்சடிக்க மாட்டானுவளே மக்கா," என்றார் குமாரதாஸ்.

லைனை இரண்டு சைக்கிள்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஒருவன் குளச்சல்வரை, மற்றவன் அங்கிருந்து கருங்கல்வரை.

தேங்காய்த் தொண்டு ஏற்றப் போன ஒரு மாட்டுவண்டியில் கிருஷ்ணமணி மோட்டார் சைக்கிளைப் படுக்கவைத்துக் கட்டினான். சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு வந்து சேர்ந்தான். மத்தியானம் அளத்துக் கங்காணி வந்து போயிருந்தார். பாத்தி வேலைக்கு அன்னக்கிளி தன் பேரைக் கொடுத்திருந்தாள்.